நோயாளி இறந்த துயரம் ஆம்புலன்ஸ் பணியாளர்களை ஏன் தாமதமாகத் தாக்குகிறது?

காப்பாற்ற முயன்ற நோயாளி இறந்தபின் மனத்தில் தங்கும் சோகம், குற்றவுணர்வு, மரத்துப்போன நிலை ஆகியவற்றைப் பணித்துயரம் எனலாம். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் நேரத்தில் அட்ரினலின் என்ற அவசரநிலை ஹார்மோன் சுரந்து, கவனம் முழுவதும் கைவேலையில் குவிந்துவிடுகிறது. ஓடும்போது தைத்த முள் நின்ற பிறகு வலிப்பதுபோல, துயரமும் வேலை முடிந்தபின்தான் கனக்கும். 'இன்னும் வேகமாகப் போயிருந்தால்' என்ற கேள்வியும் கூடவே வரும். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், எல்லாம் சரியாகச் செய்தாலும், பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பேன். கெட்ட கனவுகளும் தூக்கமின்மையும் ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

அன்றே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவைத்தால் சரியாகிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். ஆனால் இப்படிக் கட்டாயமாக நடத்தும் ஒற்றைப் பேச்சு அமர்வு பின்னாளைய மனஅதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.