புகாரில் 'இன்செஸ்டுவஸ்' என்று வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பங்குதாரர் ஒருவர் ஆங்கிலத்தில் அனுப்பிய புகாரில், எங்கள் இயக்குநர்களுக்கும் தணிக்கையாளருக்கும் 'இன்செஸ்டுவஸ்' உறவு இருப்பதாக எழுதியிருக்கிறார். வெளியே கொடுத்து மொழிபெயர்த்ததில் "முறைதவறிய பாலுறவு" என்று வந்திருக்கிறது. இதை அப்படியே இயக்குநர் குழுவில் வைக்கலாமா?

பதில்: வைக்கவே வைக்காதீர்கள். மானநஷ்ட வழக்கில் போய் நிற்கும்.

புகார் எழுதியவர் யாருடைய படுக்கையறையையும் எட்டிப் பார்க்கவில்லை. கணக்குக் காட்டுகிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஈருடல் ஓருயிராகிவிட்டார்கள், வெளியாள் நுழைய வழியில்லை என்கிறார். அமெரிக்காவில் என்ரான் கம்பெனியிடம் அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் 2000-ல் தணிக்கைக்கு 2.5 கோடி டாலர் வாங்கியது, ஆலோசனை போன்ற மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி. ஆண்டர்சன் ஆட்கள் பலர் என்ரானிலேயே வேலைக்கும் சேர்ந்தார்கள். யார் யாரைக் கேள்வி கேட்பது? 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. இந்த மாதிரி நெருக்கத்தைத்தான் அந்தச் சொல்லால் திட்டுவார்கள்.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன். அதில் 'காஸ்டுஸ்' என்றால் தூய்மையானது. முன்னால் 'இன்' சேர்ந்தால் தூய்மை கெட்டது. ரோமில் வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரி விரதம் தவறினாலும் இதே குற்றப்பெயர்தான், உயிரோடு புதைத்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின் நெருங்கிய சொந்தத்துக்குள் கூடாத உறவு என்று அர்த்தம் குறுகியது. மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டுவதைக்கூட இங்கிலாந்துச் சட்டம் 1907 வரை ஏற்கவில்லை. நம் ஊரில் அதற்குப் பத்திரிகை அடித்துப் பந்தி போடுவார்கள். சரி, அது போகட்டும்.

என் கோபமெல்லாம் உங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர் மேல்தான். கோர்ட் வாசலிலும் ஜெராக்ஸ் கடையிலும் 'சான்றளித்த மொழிபெயர்ப்பு' என்று பலகை தொங்கும். போனில் செயலியைத் திறந்து ஒட்டி, பிரிண்ட் எடுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. நோட்டரி முத்திரை இருந்தாலும் ஏமாறாதீர்கள். எத்தனை முத்திரை விழுந்தாலும் தப்பு தப்புதான். பத்திரம் எழுதுகிறவருக்கு உரிமம் உண்டு. மொழிபெயர்ப்புக் கடை போட ஒரு மேசை போதும். இதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம், ஒரு இடத்தில் கவனம். உங்களுடையது குடும்பக் கம்பெனியா? இயக்குநர்கள் அண்ணன் தம்பிகள், தணிக்கையாளர் அவர்களில் ஒருவருக்குச் சம்பந்தி என்றால் சிக்கல் வேறு. அங்கே எந்தச் சொல்லோடு சேர்த்து 'உறவு' என்று எழுதினாலும் படிப்பவர் ரத்த உறவு, கல்யாண உறவு என்றே எடுத்துக்கொள்வார். 2013 கம்பெனிச் சட்டப்படி மருமகன் இயக்குநராக இருந்தால் மாமனார் தணிக்கையாளராக முடியாது. சம்பந்தியோ அந்த உறவினர் பட்டியலிலேயே இல்லை. நம் வீடுகளில் மருமகனைவிடச் சம்பந்தி பேச்சுதான் எடுபடும் என்பதைச் சட்டம் எழுதியவர்களுக்கு யார் சொல்வது? அதனால் 'உறவு' என்பதையே விட்டுவிடுங்கள்.

"இயக்குநர் குழுவும் தணிக்கையாளரும் அளவுக்கு மீறி நெருக்கமாக இருப்பதால் தணிக்கை சுதந்திரமாக நடக்கவில்லை எனப் புகார்தாரர் கூறுகிறார்" என்று எழுதுங்கள். 'புகார்தாரர் கூறுகிறார்' என்பதை மறக்காதீர்கள். ஆங்கில மூலத்தையும் கூடவே இணைத்துவிடுங்கள்.