விமான நிறுவனம் படுத்துவிட்டால் டிக்கெட் பணத்துக்கு என்ன கதி?

கேள்வி: 2023 மே 27-ஆம் தேதி டெல்லியிலிருந்து லே போய்வர நான்கு பேருக்கு கோ ஃபர்ஸ்ட் டிக்கெட் எடுத்திருந்தோம். ஒரு டிராவல் ஆப் வழியாக, கிரெடிட் கார்டில் 46,000 ரூபாய். விமானங்கள் மே 3-ஆம் தேதியே நின்றுவிட்டன. "ரீஃபண்ட் வரும்" என்று ஆப்காரர்கள் மாதக்கணக்கில் சொன்னார்கள், வரவில்லை. நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாகிவிட்டது என்கிறார்கள். இனி ஏதாவது கிடைக்குமா? அங்கே தரைப் பணியில் இருந்த என் தம்பிக்குச் சம்பள பாக்கி இருக்கிறது, அவன் என்ன செய்ய வேண்டும்? இன்னொரு நிறுவனம் இப்படி ஆனால் முதலில் எதைச் செய்வது?

பதில்: உங்கள் 46,000 ரூபாயைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். தம்பியின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சம்பள பாக்கி சந்தேகம்தான் என்றாலும், பிஎஃப்பையும் கிராஜுவிட்டியையும் கேட்க சட்டத்தில் வலுவான பிடி இருக்கிறது. உங்களுக்கு வேறொரு நல்ல வழி இருந்தது, அதற்கான கெடு முடிந்துபோனதுதான் சிக்கல். அடுத்த முறை உதவும் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறோம்.

டிக்கெட் பணம் ஏன் சிக்கிக்கொள்கிறது?

நீங்கள் முன்கூட்டிக் கட்டும் பணத்தை இந்திய விமான நிறுவனங்கள் தனிக் கணக்கில் பூட்டி வைப்பதில்லை. இன்று வாங்கிய பணத்தில் இன்றைய எரிபொருளும் சம்பளமும் ஓடும். பிரிட்டனில் சுற்றுலா பேக்கேஜ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் 2.50 பவுண்ட் வசூலித்து ஏட்டால் என்ற காப்பு நிதியில் சேர்க்கிறார்கள். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற சுற்றுலா நிறுவனம் மூழ்கியபோது வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டன் அரசே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. டிக்கெட் வாங்கிய நொடியிலிருந்து நீங்கள் அந்த நிறுவனத்துக்கு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்.

கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2-ஆம் தேதி தானாகவே திவால் மனு போட்டது. பிராட் அண்ட் விட்னி என்ஜின்கள் பழுதாகி, மாற்று என்ஜின் வராமல் பாதி விமானங்கள் தரையில் நின்றதே காரணம் என்றது. மே 10-ஆம் தேதி டெல்லியில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. அந்த நிமிடமே திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி தடைக்காப்பு அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே இருக்கும் வழக்கும் அப்படியே நிற்கும். ரத்தான விமானத்துக்கு 7 நாளில் பணம் திருப்ப வேண்டும் என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியும் காகிதத்தோடு சரி.

கலைப்புக்குப் போனால், அதாவது நிறுவனத்தை மூடிச் சொத்துகளை விற்றால், அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்லும் வரிசைப்படிதான் பணம் பிரிக்கப்படும். முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அடுத்து, ஈடு வாங்கிய வங்கிகளும், கலைப்பு உத்தரவுக்கு முந்தைய 24 மாத பாக்கிக்குத் தொழிலாளர்களும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. அதன்பின் ஈடில்லாத நிதிக் கடன்காரர்கள், பிறகு அரசு பாக்கி. இவர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சினால்தான் பயணிகள், டிராவல் ஏஜென்ட்கள், சப்ளையர்கள். கோ ஃபர்ஸ்ட் மனுவில் காட்டிய மொத்தக் கடன் 11,463 கோடி ரூபாய், அதில் பாதிக்கும் மேல் வங்கிகள் போன்ற நிதிக் கடன்காரர்களுடையது. விற்றுக் காசாக்க விமானமாவது இருக்கிறதா என்றால், 54 விமானங்களும் லீஸ். 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவை நீக்கச் சொன்னது, உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்ஜின் நிறுவனத்திடம் கேட்கும் நஷ்ட ஈடுதான் மிச்சமிருக்கும் பெரிய சொத்து. அது வந்தாலும் வங்கிகளைத் தாண்டி உங்கள் வரை வராது.

தப்பிக்க இருந்த வழி

அந்த வரிசையில் நிற்காமலே பணம் எடுக்க ஒரு வழி உண்டு, சார்ஜ்பேக். கார்டில் கட்டிய பணத்தை, சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி உங்கள் வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. இந்தக் கோரிக்கை உங்கள் வங்கிக்கும் விமான நிறுவனத்துக்காகக் கார்டு பணத்தை வசூலித்த வங்கிக்கும் இடையில்தான் நடக்கிறது. அதனால் தடைக்காப்பு இதைத் தொடுவதில்லை. விமான நிறுவனம் கொடுக்காவிட்டால் நஷ்டம் அந்த வசூல் வங்கியின் தலையில். கிரெடிட் கார்டு மட்டுமில்லை, விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுக்கும் இது பொருந்தும். யுபிஐயிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டியவர்களுக்கு நடைமுறையில் இந்தக் கதவு இல்லை.

கெடு, பொதுவாக சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். உங்கள் கணக்கில் 2023 செப்டம்பர் 24. பலர் கோட்டைவிட்டது இங்கேதான். கோ ஃபர்ஸ்ட் ஒரேயடியாக மூடுவதாகச் சொல்லவில்லை. முதலில் மூன்று நாள் ரத்து, பிறகு ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஜூலை 21-ஆம் தேதி 15 விமானங்களுடன் தினமும் 114 சேவை நடத்த நிபந்தனையோடு அனுமதிகூடக் கிடைத்தது. மறுபடி பறக்கும் என்று ஜனம் நம்பியது. ஒரு விமானமும் கிளம்பவில்லை, கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெட் ஏர்வேஸும் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானத்தை இயக்கியபோது "தற்காலிக நிறுத்தம்" என்றுதான் அறிவித்தது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது.

சார்ஜ்பேக் கேட்கும்போது சொதப்பும் இடங்கள் இவை. ஆப்பில் போய் நீங்களே "கேன்சல்" பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பயணி தானாக ரத்து செய்ததாகப் பதிவாகும், வங்கி அதைக் காட்டியே மறுக்கும். நிறுவனம் அனுப்பும் ரத்துச் செய்தி வரும்வரை காத்திருங்கள். இணையதளத்தை எப்போது மூடுவார்கள் என்று தெரியாது என்பதால் இ-டிக்கெட், பிஎன்ஆர், ரத்துச் செய்தி எல்லாவற்றையும் அன்றைக்கே பிடிஎஃப்பாகவும் ஸ்க்ரீன்ஷாட்டாகவும் எடுத்து வையுங்கள். கிரெடிட் ஷெல் (பிறகு டிக்கெட் எடுக்க மட்டும் உதவும் வரவு), வவுச்சர் என்று எது நீட்டினாலும் வாங்காதீர்கள். வாங்கினால் கணக்கு தீர்ந்ததாக ஆகிவிடும், வவுச்சரோ மூழ்கிய நிறுவனத்தின் வெற்றுக் காகிதம்.

வங்கிக்கு எழுதும் வாசகம் மிக முக்கியம். "ரீஃபண்ட் வரவில்லை" என்று எழுதினால் அது வேறு வகைப் புகார். ரீஃபண்ட் தருவதாக வணிகர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்பார்கள். "பணம் செலுத்திய சேவை வழங்கப்படவில்லை, நிறுவனம் இயக்கத்தை நிறுத்திவிட்டது" என்று எழுதுங்கள். விசாவில் இதற்கு 13.1 என்ற எண். கஸ்டமர் கேரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் சார்ஜ்பேக் பிரிவுக்குத் தெரியும். "கம்பெனி தீர்ப்பாயத்தில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்" என்று பதில் வந்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் ஆன்லைனில் புகார் செய்யலாம்.

கார்டு ஸ்டேட்மென்ட்டில் பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால் சார்ஜ்பேக் அதன் மீது. ஆப்பின் பெயர் இருந்தால் ஆப்பின் மீது, அவர்கள் உயிரோடு இருக்கும் நிறுவனம் என்பதால் கடுமையாக எதிர்ப்பார்கள். சின்ன ஏஜென்ட்டிடம் ரொக்கம் கொடுத்து எடுத்தவர்கள் பாவம். அந்த ஏஜென்ட்டின் பணமும் விமான நிறுவனத்தின் வாலட்டில் முன்பணமாகச் சிக்கியிருக்கும், அவரும் இதே வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

உங்கள் வழக்கில் இப்போது

திவால் நடவடிக்கையை நடத்தத் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு நிபுணரிடம் 2023-இல் கோரிக்கை மனு கொடுத்திருந்தீர்களா என்று பாருங்கள். அப்போது பயணிகளுக்காகத் தனி இணையப் பக்கமே இருந்தது. கொடுத்திருந்தால், கலைப்பில் மறுபடி கொடுக்காவிட்டாலும் பழைய கோரிக்கையைக் கலைப்பாளர் சரிபார்த்தாக வேண்டும், 2022-இல் வந்த திருத்தம் அது. கொடுக்கவில்லையென்றால், 2025 ஜனவரி 20-ஆம் தேதி கலைப்பு உத்தரவு வந்தபின் இருந்த 30 நாள் அவகாசமும் போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தை அணுகலாம்தான், வக்கீல் கட்டணம் 46,000-ஐ விழுங்கிவிடும். வேண்டாம்.

ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் பிஎன்ஆரைக் குறிப்பிட்டு, விமான நிறுவனத்திடமிருந்து எதுவும் திரும்பி வந்ததா, அவர்கள் வசூலித்த சேவைக் கட்டணம் எவ்வளவு என்று ஆப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பணம் வந்தும் கொடுக்காமல் வைத்திருந்தால் அது ஆப்பின் தவறு. அதற்கு தடைக்காப்பு குறுக்கே வராது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக் கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

தம்பிக்கு

பிஎஃப், கிராஜுவிட்டி நிதி, ஓய்வூதிய நிதி மூன்றிலும் ஊழியருக்கு வர வேண்டியது திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கலைப்புச் சொத்தில் சேராது. வரிசைக்கு வெளியே நிற்கும் பணம் இது. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் இதற்காகப் போராடி, 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். பாக்கியுள்ள பிஎஃப்பையும் கிராஜுவிட்டியையும் நிறுவனத்தை எடுப்பவர் கட்ட வேண்டும் என்ற அந்த உத்தரவை 2023 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அது மீட்புத் திட்டம் இருந்த கட்டத்தில் வந்த தீர்ப்பு. கலைப்பில் கிராஜுவிட்டிக்கென்று தனி நிதி ஒதுக்கியிருந்தார்களா என்ற தகராறு வரலாம், கோரிக்கையில் அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் அவர் தன் யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாகப் பார்க்கட்டும். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை பாஸ்புக்கில் இல்லாத மாதங்களைக் குறித்து, பிஎஃப் அலுவலகத்தின் ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகார் போட வேண்டும். கிராஜுவிட்டிக் கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை × 15 ÷ 26 × பணி ஆண்டுகள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும்.

சம்பள பாக்கிக்கான படிவம் திவால் நடவடிக்கையின்போது டி, கலைப்பில் இ. உங்களைப் போன்ற பயணிகளின் படிவம் வேறு, மாற்றிப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட் இணைக்க வேண்டும். அவர் சட்டப்படி "தொழிலாளி"யா, "மற்ற ஊழியரா" என்பதில் கவனம் தேவை. முன்னதற்கு 24 மாதப் பாதுகாப்பு, வங்கிகளோடு சம இடம். பின்னதற்கு 12 மாதம், ஒரு படி கீழே. பதவிப் பெயரில் "சூப்பர்வைசர்" என்று இருப்பதாலேயே விட்டுக்கொடுக்க வேண்டாம், உண்மையில் செய்த வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று, இங்கே 24 மாதம் எண்ணுவது கலைப்பு உத்தரவிலிருந்து பின்னோக்கி, அதாவது 2023 ஜனவரி வரை. அதற்கு முந்தைய பாக்கி வரிசையில் இன்னும் கீழே இறங்கிவிடும்.

சம்பளத்தில் வரி பிடித்தார்களா என்று பழைய சீட்டுகளில் பார்த்து, அவர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிடட்டும். பிடித்த வரியை நிறுவனம் கட்டாமல் விட்டிருந்தால் வருமான வரித்துறையின் நோட்டீஸ் ஊழியருக்குத்தான் வரும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, சம்பளச் சீட்டை இணைத்துப் பதில் அனுப்பினால் அதே வரியை அவரிடம் மறுபடி வசூலிக்க முடியாது.

அடுத்த முறை

அறிகுறிகள் முன்கூட்டியே தெரியும். விமானங்களின் பதிவை நீக்கச் சொல்லி லீஸ் நிறுவனங்கள் கொடுக்கும் விண்ணப்பங்கள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இணையதளத்திலேயே வெளியாகும். எந்தச் செய்தியாளரையும்விட அது நேர்மையான சாட்சி. சம்பளத் தாமதம், எண்ணெய் நிறுவனங்கள் ரொக்கம் கேட்பது, தரையில் நிற்கும் விமானங்கள் கூடுவது, ஆறு மாதம் தள்ளிய பயணத்துக்கு அடிமாட்டு விலைச் சலுகை எல்லாம் சேர்ந்து வந்தால் ஒதுங்கிவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டி எடுக்காமல், கார்டில் மட்டும் கட்டுங்கள்.

நின்றுபோன நிறுவனம் மீண்டும் எழும் என்று காத்திருப்பதில் முன்பைவிட இப்போது இன்னும் அர்த்தம் குறைவு. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி அறிவிப்பு விமானங்களையும் என்ஜின்களையும் தடைக்காப்பிலிருந்து விலக்கியது. 2025-இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. கோ ஃபர்ஸ்ட்டின் விமானங்கள் ஓராண்டு தரையிலாவது நின்றன. இனி மூழ்கும் நிறுவனத்தின் விமானங்கள் சில வாரங்களில் வெளிநாட்டுக்குப் போய்விடும்.

மாற்று டிக்கெட் வேண்டுமென்றால் ரத்துச் செய்தி வந்த அன்றே எடுங்கள். ஒரு நிறுவனத்தின் இருக்கைகள் காணாமல் போனதும் லே, ஸ்ரீநகர் போன்ற தடங்களில் கட்டணம் மளமளவென ஏறியதை 2023-இல் பார்த்தோம். பயணக் காப்பீட்டை நம்புவதாக இருந்தால், "விமான நிறுவனம் திவாலாதல்" என்ற சொற்கள் பாலிசியில் வெளிப்படையாக இருக்கின்றனவா என்று வாங்கும் முன் தேடுங்கள். "பயண ரத்து" என்று மட்டும் இருந்தால் போதாது. செய்தி வெளியான பிறகு எடுத்த பாலிசியில் தெரிந்த ஆபத்து என்று சொல்லிக் கையை விரிப்பார்கள்.