மாமனாரின் உப்புக் கணக்கு: உணவு வினாத்தாளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என் மனைவி ஜப்பானியர். மாமனாருக்கு 63 வயது, வட ஜப்பானில் அகிதாவில் இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது ஒரு உணவு வினாத்தாளை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 8.9 கிராம் உப்பு என்று முடிவு வந்தது. 'சராசரியைவிடக் குறைவுதானே' என்று மிசோ (உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய் எல்லாம் பழையபடி நடக்கிறது. மிசோ சூப் நல்லது என்று ஓர் ஆய்வு சொல்கிறது, உப்பிட்ட உணவால் புற்றுநோய் என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: அந்த 8.9 சரியாகவே இருந்தாலும் அவருக்கு அது அதிகம். ஜப்பானிய ஆண்களின் சராசரி 2019-இல் 10.9 கிராம். அந்தச் சராசரியே கூடுதல்தான். ஆண்களுக்கு அங்கே வைத்திருக்கும் இலக்கு 7.5 கிராமுக்குள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 6 கிராமுக்குள். முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்த எண் எப்படி வந்தது? ஜப்பானில் பரவலாகப் பயன்படும் ஒரு வினாத்தாள், கடந்த ஒரு மாதத்தில் 58 வகை உணவுகளை எத்தனை முறை சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறது. பதில்களை உணவுச் சத்து அட்டவணையோடு பெருக்கிக் கணக்கு வருகிறது. உப்பு விஷயத்தில் இந்த முறை தடுமாறும். மிசோ சூப் தினம் இரண்டு கிண்ணம் என்று எழுதலாம். அதில் மாமியார் எத்தனை கரண்டி மிசோ கரைத்தார் என்பது தாளுக்குத் தெரியாது. சஷிமியை (பச்சை மீன் துண்டுகளை) சோயா சாஸில் லேசாகத் தொட்டாரா, முக்கி எடுத்தாரா என்பதும் தெரியாது. போதாததற்கு, டாக்டர் பார்க்கப்போகிறார் என்றால் எல்லாருமே கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார்கள்.

அதற்காக வினாத்தாளே வீண் என்று நினைக்க வேண்டாம். அது செய்யப்பட்டது ஆயிரக்கணக்கானவர்களை வரிசைப்படுத்த: யார் அதிகம் சாப்பிடுகிறவர், யார் குறைவு என்று பிரிக்க. 1990-இல் தொடங்கிய ஜே.பி.எச்.சி. என்ற ஜப்பானிய ஆய்வு, 11 பொதுச் சுகாதார மையப் பகுதிகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்தது. அதன் 138 உணவுகள் கொண்ட வினாத்தாளைச் சரிபார்க்க, ஒரு சிறு குழுவைப் பருவத்துக்கு ஏழு நாள் வீதம் வருடத்தில் 28 நாள் சாப்பிட்டதை எல்லாம் எடைபோட்டு எழுதவைத்தார்கள். ஒகினாவாவில் மட்டும் 14 நாள். பனிக்காலத்தில் ஊறுகாயும் சூடான குழம்பும் கூடும், கோடையில் வேறு சாப்பாடு. ஒரே வாரத்தை வைத்து ஒருவரின் வருடத்தைச் சொல்ல முடியாது. இத்தனை பாடுபட்டும் கிடைப்பது நம்பகமான வரிசைதான். தனி ஒருவரின் கிராம் கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

உப்புக்கு நம்பகமான வழி 24 மணி நேரச் சிறுநீர். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அப்புறம் வருவதெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும், ஒரே கேனில் சேர்க்க வேண்டும். ஆய்வகம் சோடியம் அளவைச் சொல்லும். 17 மில்லிமோல் (ஆய்வக அலகு) சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. 170 வந்தால் 10 கிராம். சாப்பிட்டதில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கமாகத்தான் சிறுநீரில் வரும் என்பதால் உண்மை அதற்கும் சற்று மேலே. ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று தடவை செய்தால் நல்லது. டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். சோயா சாஸ் பாட்டிலையும் மிசோ டப்பாவையும் திறக்கும் நாளில் தேதியை அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் சாதாரண சோயா சாஸில் சுமார் 170 கிராம் உப்பு இருக்கிறது. 750 கிராம் மிசோவில் சுமார் 90. இரண்டும் 30 நாளில் காலியாகி, வீட்டில் இரண்டே பேர் என்றால், ஆளுக்குத் தினம் 4.3 கிராம். தட்டில் மிஞ்சிப் போவதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இதில் உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்), இபுரிகாக்கோ (புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாய்), உப்பு மீன், ராமென் (நூடுல்ஸ் சூப்) எதுவுமே இன்னும் சேரவில்லை. பழைய முறையில் உப்பிட்ட பெரிய உமேபோஷி ஒன்றிலேயே சுமார் 2 கிராம் இருக்கும். இன்னொன்று: நிறம் வெளுத்த 'உசுகுச்சி' சோயா சாஸில் உப்பு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அதில்தான் அதிகம்.

இனி, முரணாகத் தெரியும் அந்த ஆய்வுகள். இரண்டும் அதே ஜே.பி.எச்.சி. ஆய்விலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். 2003-இல் வந்த கட்டுரை, மிசோ சூப் அதிகம் குடித்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்றது. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் காரணமாக இருக்கலாம் என்பது விளக்கம். 2004-இல் வந்தது, சுமார் 39,000 பேரிடம் உப்பிட்ட மீன் முட்டை, உப்பில் ஊறிய மீன் வகைகளுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் வலுவான தொடர்பு கண்டது. வேறு நோய், வேறு பொருள். இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு. 2010-இல் வந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மொத்த சோடியம் கூடக்கூட பக்கவாதம் உள்ளிட்ட இதய ரத்தக்குழாய் நோய்கள் கூடின, ஆனால் மொத்தப் புற்றுநோய் கூடவில்லை. கடுமையாக உப்பிட்ட உணவுகளைத் தனியாகப் பார்த்தபோது புற்றுநோய் கூடியது, இதய நோய் கூடவில்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது.

ஆகவே மாமனாருக்கு இரண்டு தனி வேலைகள். பக்கவாதத்துக்குப் பயந்து மொத்த உப்பைக் குறைக்க வேண்டும்: மிசோ சூப் ஒரு வேளை போதும், காய்கறி நிறையப் போட்டு, ராமென் சாப்பிட்டால் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். வயிற்றுக்காக உப்பு மீன் முட்டையையும் உப்பில் ஊறிய மீனையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு இதுவரை சோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். வயிற்றுப் புற்றுநோய்க்கு முதல் காரணம் அதுதான். எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி உறுதியானால், கிருமியை ஒழிக்கும் சிகிச்சைக்கு 2013 முதல் ஜப்பானின் மருத்துவக் காப்பீடே பணம் தருகிறது.