எதையும் நம்பாமல் இருப்பது பற்றி

அன்புள்ள ஐயா,

உளவு அமைப்புகள் கிளப்பிவிட்ட பொய்களைப் பற்றிச் சில மாதங்களாகத் தேடித்தேடிப் படிக்கிறேன். இப்போது போர்க் கொடுமை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இதுவும் யாரோ கட்டிவிட்டதுதான் என்று தோன்றுகிறது. எதையுமே நம்பாமல் இருந்துவிட்டால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாதல்லவா?

கதிர்

அன்புள்ள கதிர்,

முடியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1917 ஏப்ரல் நினைவுக்கு வந்தது.

முதல் உலகப்போர்க் காலம். போர்முனைக்குப் பின்னால் இருந்த ஓர் ஆலையைப் பற்றி ஜெர்மன் நாளிதழ் ஒன்றின் நிருபர் சில வரிகள் எழுதினார். சுண்ணாம்பு சுடுவதுபோல் காற்றில் ஒரு நாற்றம். அங்கே 'கடாவர்'களைக் காய்ச்சிக் கொழுப்பெடுத்து மசகெண்ணெய் செய்கிறார்கள். எலும்பைப் பொடித்துப் பன்றித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஜெர்மனில் கடாவர் என்றால் செத்த விலங்கு. மனிதப் பிணத்துக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. ஏப்ரல் 17 அன்று லண்டனின் டைம்ஸும் டெய்லி மெயிலும் அதை மனிதப் பிணம் என்று அச்சிட்டன. இரண்டுக்கும் முதலாளி நார்த்கிளிஃப் பிரபு. ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களையே காய்ச்சுகிறார்கள் என்று உலகமெங்கும் பேச்சானது. ஆலை இருந்தது, கொழுப்பு இருந்தது, நாற்றமும் இருந்தது. ஒரே ஒரு சொல்தான் பொய்.

1925இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், ஜெர்மனியின் மறுப்பை ஏற்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கதை அத்துடன் முடிந்திருந்தால் அதை நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

1943 ஆகஸ்ட், இரண்டாம் உலகப்போர்க் காலம். போலந்தில் நாஜிகள் மனிதர்களை நச்சுவாயு அறைகளில் அடைத்துக் கொல்கிறார்கள் என்று தகவல்கள் வந்தபடி இருந்தன. பிரிட்டனின் கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைவராக இருந்த விக்டர் கேவண்டிஷ்-பென்டிங்க் ஒரு குறிப்பு எழுதினார். இதற்கு ஆதாரம் இல்லை என்றார். போன போரில் பிணக்கொழுப்பு என்று கட்டிய கதையை இது நினைவூட்டுகிறது என்றார். இத்தகைய செய்திகளை நாமே நம்பாமல்தான் வதந்தியாகப் பரப்பிவந்தோம் என்பதையும் அதே குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது. அவர் ஏமாளி அல்லர். பொய் எப்படிச் செய்யப்படுகிறது என்று உள்ளிருந்தே அறிந்தவர். அந்த அறிவுதான் அவர் காதை அடைத்தது. அதற்குள் போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா என்ற நாஜி கொலைமுகாம் ஒன்றில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

பிறகு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். உழைப்பு பிடிக்கும் வேலை, ஆனால் செய்யக்கூடியதுதான்.

1985 அக்டோபரில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம்தான் உருவாக்கியது என்று மாஸ்கோவின் ஓர் இலக்கிய வார இதழ் எழுதியது. ஆதாரமாக ஓர் இந்தியப் பத்திரிகையைக் காட்டியது. அது டெல்லியிலிருந்து வந்த பேட்ரியாட். 1983 ஜூலை மாதத்து இதழை எடுத்துப் பார்த்தால் அங்கே நிருபரின் கட்டுரை கிடையாது. ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதம்தான் இருக்கிறது. எழுதியவர் புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானியாம், பெயர் இல்லை. கிருமி பிறந்த இடம் என்று அவர் சொன்ன ஃபோர்ட் டெட்ரிக் என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் 1969 வரை அமெரிக்கா கிருமி ஆயுதங்களை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறது. இங்கும் அதே சமையல்தான். அந்தக் கதை 80க்கும் மேற்பட்ட நாடுகளில் அச்சேறியது. 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ், அது சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் வேலை என்று ஒப்புக்கொண்டார்.

இந்தத் தேடலில் பெயரில்லாத ஒரு கடிதத்தில் போய் முட்டிக்கொண்டால் அந்தச் செய்தியை விட்டுவிடுங்கள். ஆனால் பெயரும் ஊரும் சொல்லி, நான் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை 1917ஐ நினைக்காதீர்கள்.