அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்க நாலு வருஷமா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2024-இல்தான் மறுபடி திறந்தது. வெள்ளையடிக்க நாலு வருஷமா என்று கேட்கிறார் ஆர்.கே.புரம் நண்பர் ஒருவர்.

சுவர் வேலை சுலபம். உள்ளே இருப்பவற்றை இடம் மாற்றுவதுதான் தலைவலி. 1931-இல் நிறுத்திய பிரான்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைக் கழற்றி, கனடாவுக்கு அனுப்பிச் செப்பனிட்டு, புதிய தோரணையில் நிறுத்தினார்கள். முன்பு தரையில் கிடந்த வால் இப்போது அந்தரத்தில் நிற்கிறது. ஆராய்ச்சி மாறினால் அதுவும் மாறத்தானே வேண்டும்!

அப்புறம், பொதுவாகவே பழைய பாடம் செய்த விலங்குகளின் தோலில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஆல்கஹாலில் ஊறும் மாதிரிகளுக்குத் தனித் தீத்தடுப்பு வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது என்பேன். நம்ம தில்லியிலேயே மண்டி ஹவுஸ் பக்கம் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் ஒரே இரவில் எரிந்து போனது.