லினக்ஸில் வைரஸ் வராதா? கேள்வி பதில்

கே: விண்டோஸ் 10-க்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?
ப: எதுவும் வேண்டாம். கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்தப் பணத்தைப் புதுக் கணினிக்குச் சேர்த்துவையுங்கள். கிராக் மென்பொருள் ஏதாவது இருந்தால் இன்றே தூக்குங்கள். "டிஃபெண்டரை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அது சொல்லும்போதே சந்தேகம் வர வேண்டாமா?

கே: மேக்கில் அந்தத் தொல்லையே இல்லையாமே?
ப: 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற தீம்பொருள் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டையை அதன் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியில் அடைத்தது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அந்தத் திருத்தத்தைக் கொடுத்தது ஏப்ரலில். நடுவில் கிடைத்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

கே: லினக்ஸுக்கு மாறிவிட்டேன். இனி நிம்மதிதானே?
ப: பாதி நிம்மதி. மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து இறக்காமல் டிஸ்ட்ரோவின் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) களஞ்சியத்திலிருந்து எடுக்கிறீர்களே, அது உண்மையான பலம். ஆனால் 2016-இல் இணையத்தைத் திணறவைத்த மிராய் என்ற தீம்பொருள், லினக்ஸ் ஓடும் கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் பிடித்தது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

கே: (அவரே) கேமரா கதை எதற்கு? என் டெஸ்க்டாப்பில் ரூட் (கணினியின் முழு அதிகாரக் கணக்கு) பாஸ்வேர்டு இல்லாமல் வைரஸ் என்ன செய்துவிடும்?
ப: உங்கள் குழந்தையின் படங்கள், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் யார் கணக்கில் இருக்கின்றன? உங்கள் கணக்கில். அவற்றைத் திருடவோ பூட்டவோ ரூட் எதற்கு?

கே: (மறுபடியும் அவரே) ஓப்பன் சோர்ஸ் சார், நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆயிரம் கண்கள் பார்க்கின்றன.
ப: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் கருவி) விவகாரம் வெளியானதே, அதைப் பாருங்கள். ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்தார். கண்டுபிடித்தது ஆயிரம் கண்கள் அல்ல. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற ஒரே மனிதர். பெரும்பாலான நிலையான டிஸ்ட்ரோக்களுக்குள் அது போகும் முன் மாட்டியது. மூலம் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இத்தோடு லினக்ஸ் சண்டையை முடித்துக்கொள்வோம்.

கே: விண்டோஸ் 11-க்கு நல்ல ஆன்டிவைரஸ்?
ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது.
ப: ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டைத் தொடாமல் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே-வை (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பை) அப்பா இன்ஸ்டால் செய்துவிட்டார்.
ப: ஃபோனை உடனே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அது எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி ஓடிபி படிக்கும். வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அப்புறம் ஃபேக்டரி ரீசெட்.

கே: ஐஃபோனுக்கு ஆன்டிவைரஸ்?
ப: வேண்டாம்!

கே: ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
ப: கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்று உறுதியில்லை. நோ மோர் ரான்சம் தளத்தில் இலவச டிக்ரிப்டர் (பூட்டைத் திறக்கும் கருவி) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள், பிற்பாடு சாவி வெளியாகலாம். பிறகு விண்டோஸைச் சுத்தமாக நிறுவுங்கள். எப்படி வந்தது என்று எழுதவில்லையே, கிராக்கா?