கியர்பாக்ஸைச் சரிசெய்வதா, புதிதாகப் போடுவதா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் 14 வருடப் பழைய விசைப்படகு ஒன்று வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன், ஐந்து பேர் பங்குக்கு வருகிறார்கள். கியர் வழுக்கியதால் போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட் மாற்றினேன். 85,000 ரூபாய், ஓராண்டு கேரன்டி என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடி அதே கோளாறு. மீன்பிடித் தடைக்காலத்தில் கழற்றி அதே ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். "இது இனி தாங்காது, புது கியர்பாக்ஸ் போடுங்கள், 3.4 லட்சம்" என்கிறார்கள். வேறு இடத்தில் காட்டுகிறேன் என்றால், பிரித்த கூலி 22,000 வைத்துவிட்டு எடுத்துப் போ என்கிறார்கள். மச்சான் வேறு, இதுதான் சமயம், இன்ஜினையும் பெரிதாகப் போடு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சரிசெய்வதா, மாற்றுவதா என்பதை மெக்கானிக் சொல்ல வேண்டும். ஆனால் எதைச் செய்தாலும், அதற்கு முன்னால் பழைய கியர்பாக்ஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்யுங்கள். புதியது ஏறி, பழையது காயலான் கடைக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கும் அதோடு போய்விடும்.

என்னிடம் வரும் படகு வழக்குகளில் நான் முதலில் கேட்பது, பிரித்தபோது கியர் ஆயில் என்ன நிறத்தில் இருந்தது என்றுதான். பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஆயில் கூலர் (கடல்தண்ணீரால் ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்) குழாய் ஓட்டையாகி கடல்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். போன வருடம் கூலரைச் சோதிக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால், புதுப் பிளேட்டும் கெடத்தான் செய்யும். அது சேவைக் குறைபாடு. ஆயில் சுத்தமாக இருந்து, பேரிங் உட்காரும் இடமும் பல்சக்கரங்களும் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். அந்தச் செலவு உங்களுடையது. எனவே பழைய பிளேட், கூலர், ஒரு பாட்டில் ஆயில் மூன்றையும் கையில் வாங்குங்கள். சம்பந்தமில்லாத ஒரு மரைன் இன்ஜினியரையோ சர்வேயரையோ வைத்துப் பார்த்து, கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். படகுக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பில்லை என்று 1963-ஆம் வருட மரைன் இன்சூரன்ஸ் சட்டமே சொல்கிறது.

கியர்பாக்ஸைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? ஓரளவுக்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இன்படி, ஒரு பொருளில் உழைப்பையும் திறமையையும் போட்டவர் அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூலிக்காக மட்டும்தான். வேறு பழைய பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை வங்கி போன்ற சிலருக்கே உண்டு. தனி ஒப்பந்தம் இல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கிடையாது. உங்கள் விஷயத்தில் கேரன்டி இன்னும் முடியவில்லை. அப்படியிருக்க, பிரித்துப் பார்க்கக் கூலி கேட்பதே சரியா என்பது கேள்வி. ஆனாலும் இதற்காகக் கடை வாசலில் சண்டை போட வேண்டாம். "கேரன்டி காலத்தில் கேட்கப்படும் தொகை, என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, 22,000-ஐ வங்கி வழியாகக் கட்டிப் பொருளை எடுத்து வாருங்கள். பிறகு அந்தத் தொகையையும் சேர்த்துக் கேட்கலாம்.

அப்புறம், வழக்கு முடியட்டும் என்று படகைக் கரையிலேயே போட்டு வைக்காதீர்கள். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் என்ன செய்ய முடிந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73-இன் விளக்கம் சொல்கிறது. கிழக்குக் கடலில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளுக்கு வருமான இழப்பு கேட்க முடியாது. அதற்குப் பிறகு இழந்த நாட்களுக்குக் கேட்பதானால் முந்தைய மாதங்களின் மீன் ஏலச் சீட்டு, டீசல் பில் எல்லாம் வேண்டும்.

எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் வாதம், "மீன்பிடி வியாபாரம், இவர் நுகர்வோரே அல்ல" என்பதாக இருக்கும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றமும், ஓரிருவர் உதவிக்கு இருப்பதால் மட்டும் அந்த விலக்கு போய்விடாது என்றது. உங்களுக்கு ஐந்து பேர் என்பதால் வாதம் வரும். அவர்கள் கூலியாட்கள் அல்ல, பங்குக்காரர்கள். படகை ஓட்டுவது நீங்கள். வேறு வருமானம் இல்லை என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இன்னொன்று: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கம் பொருட்களைப் பற்றித்தான் பேசுகிறது, சேவையைத் தனியே சொல்லவில்லை. அதனால் கிளட்ச் பிளேட்டையும் அவர்களிடமே வாங்கியதை அந்த பில்லைக் காட்டி அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று படகு வைத்து ஆள்விட்டு ஓட்டுபவர் கேட்டிருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றிருப்பேன்.

மச்சான் பேச்சைக் கேட்க வேண்டாம். தமிழ்நாட்டு விதிகளின்படி விசைப்படகு இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது. அதற்குள் இருந்தாலும் இன்ஜின் எண்ணும் திறனும் பதிவுச் சான்றில் இருப்பவை. மாற்றினால் மீன்வளத் துறையில் திருத்த வேண்டும். கியர்பாக்ஸ் மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், கியர்பாக்ஸின் வெளிக்கூடு விரிசலில்லாமல் பல்சக்கரங்கள் நன்றாக இருக்கும்பட்சத்தில், வேறு இடத்தில் கூலரோடு சேர்த்துச் சரிசெய்து கடலுக்குப் போங்கள். எதைப் போட்டாலும், படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு ஷாஃப்டுக்கும் கியருக்கும் நேர்கோடு பார்த்துத் தந்ததாக பில்லில் எழுதி வாங்குங்கள். கரையில் நிற்கும் மரப்படகின் உடல் தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். கரையில் பார்த்த அளவை வைத்து "நாங்கள் சரியாகத்தான் மாட்டினோம்" என்று அடுத்த முறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.